பிசிக்கல் சயின்ஸ் கிளாஸ்ல என்னதான் நடக்கும்? முதல் தடவை போறவங்களுக்கு

ஹைஸ்கூல் டைம்டேபிள்ல பிசிக்கல் சயின்ஸ்னு ஒரு பாடத்தைப் பாத்ததும் பசங்களுக்கு முதல்ல வர்ற சந்தேகம், இது பிசிக்ஸா கெமிஸ்ட்ரியாங்கறதுதான். ரெண்டும்தான். உயிர் இல்லாத பொருளெல்லாம் எதால ஆனது, எப்படி நகருது, எப்படி சூடாகுது, ஒண்ணோட ஒண்ணு சேந்தா என்ன ஆகுது, இது எல்லாத்தையும் ஒரே பாடத்துல வச்சு சொல்லித்தர்றாங்க. செடி, மிருகம், உடம்பு எல்லாம் பயாலஜி பக்கம் போயிடும். சில ஸ்கூல்ல பாதி வருஷம் கெமிஸ்ட்ரி, மீதி பாதி பிசிக்ஸ்னு பிரிச்சுடுவாங்க, சில இடத்துல ரெண்டும் மாறி மாறி வரும், சில இடத்துல கூடவே கொஞ்சம் வானியலும் ஒட்டிக்கிட்டு வரும். வரிசை எப்படி இருந்தாலும் உள்ள இருக்கற விஷயம் ஏறக்குறைய ஒண்ணுதான்.

நான் பல வருஷமா சொந்தக்காரப் பசங்களுக்கும் தெரிஞ்சவங்க பசங்களுக்கும் இந்தப் பாடத்துல உக்காந்து உதவி பண்ணிட்டு வர்றேன். எல்லாரும் ஃபார்முலாவை நினைச்சுதான் பயப்படறாங்க. ஆனா நான் பாத்த வரைக்கும் பசங்க தடுக்கி விழற இடம் ஃபார்முலா இல்ல, வார்த்தை. எடை, வேலை, விசை, சக்தி, சூடு, கரண்ட் இதெல்லாம் சின்ன வயசுல இருந்து வாயில புழங்கற வார்த்தைங்க, அதனால அர்த்தம் தெரியும்னு நினைச்சுக்கிட்டு தாண்டிப் போயிடறோம், ஆனா கிளாஸ்ல அதே வார்த்தைக்கு ரொம்ப கறாரா ஒரே ஒரு அர்த்தம்தான், அது நமக்குப் பழக்கமான அர்த்தமா இருக்காது. புதுசா வர்ற எலக்ட்ரான், ஐசோடோப் மாதிரி வார்த்தையெல்லாம் சுலபமா ஏறிடும், ஏற்கனவே தெரிஞ்ச வார்த்தைதான் ஏறாது. இதை முதல் நாளே தெரிஞ்சு வச்சுக்கிட்டுப் போனா வருஷம் பூரா பாதி குழப்பம் குறையும்.

முதல் ரெண்டு மூணு வாரம் அளவு எடுக்கறது, யூனிட், அறிவியல் முறைன்னு போகும். பசங்களுக்கு இது போரடிக்கும், எப்ப லேப்புக்குப் போவோம்னு காத்திருப்பாங்க. ஆனா யூனிட்டை லேசா எடுத்துக்காதீங்க. 1999ல நாசாவோட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாய்க்கிட்ட போய் சேர்ற நேரத்துல தொலைஞ்சே போச்சு, காரணம் தரையில இருந்த ஒரு சாஃப்ட்வேர் பவுண்டு கணக்குல எண்ணைக் கொடுக்க, அதை வாங்கிக்கிட்ட இன்னொரு பக்கம் அது நியூட்டன் (விசையை அளக்கற மெட்ரிக் யூனிட்) கணக்குன்னு எடுத்துக்கிச்சு. எண்ணெல்லாம் சரி, யூனிட்தான் தப்பு. அதனாலதான் 12ன்னு மட்டும் எழுதினா டீச்சர் மார்க் போட மாட்டாங்க, 12 என்ன, மீட்டரா செகண்டான்னு கேப்பாங்க. அது அவங்க பிடிவாதம் இல்ல, யூனிட் இல்லாத எண்ணுக்கு இந்தப் பாடத்துல அர்த்தமே கிடையாது.

இதோட சேந்து வர்ற இன்னொரு விஷயம், எத்தனை இலக்கம் வரைக்கும் எழுதலாம்ங்கறது. ஒரு உலோகத் துண்டு கொடுத்து இது என்ன உலோகம்னு கண்டுபிடிக்கச் சொல்றாங்கன்னு வச்சுக்குங்க. தராசுல வச்சா 48.6 கிராம். அளவு ஜாடியில 50.0 மில்லிலிட்டர் தண்ணி ஊத்தி உள்ள போட்டா மட்டம் 68.0க்கு ஏறுது, அப்ப துண்டோட கன அளவு 18.0 மில்லிலிட்டர். நிறையை கன அளவால வகுத்தா அடர்த்தி மில்லிலிட்டருக்கு 2.70 கிராம், அலுமினியத்தோட அடர்த்தி அதுதான். இவ்வளவு சின்ன வேலையில கத்துக்க எவ்வளவு இருக்கு பாருங்க. ஜாடியில தண்ணி ஓரத்துல கொஞ்சம் மேல ஏறி நடுவுல குழிஞ்சு நிக்கும், அந்தக் குழியோட அடிமட்டத்தைத்தான் படிக்கணும், அதுவும் கண்ணை நேர் மட்டத்துக்குக் கொண்டு வந்து படிக்கணும், மேல இருந்து குனிஞ்சு பாத்தா தப்பா வரும். துண்டைத் தொப்புனு போட்டா தண்ணி தெறிச்சு மட்டமே மாறிடும், சாய்ச்சு மெதுவா இறக்கணும். கால்குலேட்டர் எட்டு இலக்கம் காட்டும், ஆனா உங்க தராசும் ஜாடியும் மூணு இலக்கம்தான் சொல்லுது, அதனால விடையும் மூணு இலக்கத்தோட நிக்கணும். நீங்க அளக்காத ஒண்ணை அளந்த மாதிரி எழுதக்கூடாதுங்கறதுதான் அந்த விதி.

அடுத்து இயக்கம், அதாவது எப்படி நகருதுங்கறது. இங்கதான் க்ராஃப் வரும், க்ராஃப்ல நிறைய பேர் மாட்டிக்குவாங்க, அதனால இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ஒருத்தர் வீட்டுல இருந்து கிளம்பி நேரா 100 மீட்டர் தூரத்தை 50 செகண்டுல நடக்கிறார், அங்க 20 செகண்ட் நிக்கிறார், அப்புறம் வேகமா 25 செகண்டுல வீட்டுக்கே திரும்பி வந்துடறார். கீழ் அச்சுல நேரம், மேல் நோக்கின அச்சுல வீட்டுல இருந்து எவ்வளவு தூரம், இப்படி வரைஞ்சா கோடு முதல்ல சாய்வா ஏறும், நடுவுல படுத்துக்கும், அப்புறம் ஏறினதை விட அதிக சரிவா இறங்கும். இதைப் பாத்ததும் பசங்க சொல்ற விடை, அவர் மலை ஏறினார், மேல நடந்தார், அப்புறம் இறங்கினார்ங்கறது! க்ராஃப்பை ஒரு ஓவியம் மாதிரி பாக்கறதால வர்ற தப்பு இது. கோடு ஏறுதுன்னா தூரம் கூடுதுன்னு அர்த்தம், படுத்திருந்தா ஆள் அசையலை, இறங்கினா திரும்பி வர்றார். கோடு எவ்வளவு சரிவா இருக்கோ அதுதான் வேகம்: போகும்போது செகண்டுக்கு 2 மீட்டர், வரும்போது செகண்டுக்கு 4 மீட்டர்.

இதே ஆளை வச்சு இன்னொரு கேள்வியும் கேப்பாங்க. மொத்தம் நடந்தது 200 மீட்டர், ஆன நேரம் 95 செகண்ட், அதனால சராசரி வேகம் செகண்டுக்கு 2.1 மீட்டர். சரி, சராசரி திசைவேகம் எவ்வளவு? பூஜ்ஜியம். ஏன்னா கிளம்பின இடத்துக்கே வந்துட்டார், இடப்பெயர்ச்சி இல்ல. வேகம்னா எவ்வளவு சீக்கிரம்ங்கறது மட்டும்தான், திசைவேகம்னா எந்தப் பக்கம்ங்கறதும் சேந்தது. முடுக்கம்னு ஒண்ணு வரும், அது திசைவேகம் மாறுற வீதம், அதனால வேகம் குறையறதும் முடுக்கம்தான், ஒரே வேகத்துல வளைவுல திரும்பறதும் முடுக்கம்தான். பேச்சுல வேகம் கூட்டறதை மட்டும்தான் அப்படி நினைக்கிறோம், இதுவும் நான் முதல்ல சொன்ன வார்த்தைச் சிக்கல்ல ஒண்ணு.

அப்புறம் விசை. நியூட்டன் 1687ல வெளியிட்ட மூணு விதிங்கதான் இந்தப் பகுதியோட முதுகெலும்பு. முதல் விதியைக் கேட்டா சுலபமா இருக்கும், வெளியில இருந்து விசை எதுவும் வரலைன்னா ஓடற பொருள் அதே வேகத்துல நேரா ஓடிக்கிட்டே இருக்கும், நிக்கற பொருள் நின்னுக்கிட்டே இருக்கும். ஆனா நம்ம அனுபவம் இதை ஒத்துக்காது. தள்ளறதை நிறுத்தினா பெட்டி நின்னுடுது, மிதிக்கறதை நிறுத்தினா சைக்கிள் நின்னுடுது, அப்ப ஓடணும்னா தள்ளிக்கிட்டே இருக்கணும்னுதான் மனசுல பதிஞ்சிருக்கு. நிறுத்தறது உராய்வுங்கற இன்னொரு விசைங்கறது கண்ணுக்குத் தெரியாததால அது நமக்குக் கணக்குலயே வர்றதில்ல. பெரிய பெரிய ஆளுங்களே ரொம்ப காலம் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க, கலிலியோ சாய்வான பலகையில உருண்டையை உருட்டி உருட்டிப் பாத்துதான் அந்த நினைப்பை அசைச்சார். அதனால உங்களுக்கு இது உடனே ஏறலைன்னா நீங்க மக்குன்னு அர்த்தம் இல்ல, தயவு செஞ்சு அப்படி நினைக்காதீங்க.

கனமான பொருள் சீக்கிரம் விழும்ங்கறதும் இதே மாதிரி ஒரு நினைப்புதான். 1971ல அப்பல்லோ 15ல போன டேவிட் ஸ்காட் நிலாவுல நின்னு ஒரு கையில சுத்தியல், ஒரு கையில இறகு வச்சுக்கிட்டு ரெண்டையும் ஒண்ணா விட்டார், ரெண்டும் ஒண்ணாத்தான் தரையைத் தொட்டுச்சு. அங்க காத்து இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வீடியோவை கிளாஸ்ல பெரும்பாலும் போட்டுக் காட்டுவாங்க.

நிறை, எடை ரெண்டும் வேற வேற. உங்க உடம்புல எவ்வளவு பொருள் இருக்குங்கறது நிறை, அது கிலோகிராம்ல. பூமி உங்களை எவ்வளவு இழுக்குதுங்கறது எடை, அது ஒரு விசை, அதனால நியூட்டன்ல. 60 கிலோ நிறை இருக்கற ஆளோட எடை பூமியில 588 நியூட்டன் கிட்ட வரும், நிலாவுல 97 நியூட்டன்தான், ஆனா நிறை ரெண்டு இடத்துலயும் அதே 60 கிலோதான். பேசும்போது வெயிட் 60 கிலோன்னு தாராளமா சொல்லுங்க, பரீட்சையில சொல்லாதீங்க.

மூணாவது விதியைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா நல்லா படிக்கற பசங்களும் இதுல தப்பு விடறாங்க. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர் விசை உண்டுன்னு மனப்பாடமா சொல்லுவாங்க, உடனே மேஜை மேல புத்தகம் இருக்குல்ல, பூமி கீழ இழுக்குது, மேஜை மேல தள்ளுது, இதுதான் அந்த ஜோடின்னு உதாரணமும் சொல்லுவாங்க. தப்பு. அந்த ரெண்டும் ஒரே புத்தகத்து மேல வேலை செய்யுது. மூணாவது விதியில வர்ற ஜோடி எப்பவும் ரெண்டு வேற பொருள் மேலதான் இருக்கும். பூமி புத்தகத்தைக் கீழ இழுக்குதுன்னா அதோட ஜோடி, புத்தகம் பூமியை மேல இழுக்கறது. மேஜை புத்தகத்தை மேல தள்ளுதுன்னா அதோட ஜோடி, புத்தகம் மேஜையைக் கீழ அழுத்தறது. யார் யாரைத் தள்ளறாங்கன்னு ஒரு வாக்கியம் எழுதுங்க, அதுல ரெண்டு பேரை அப்படியே இடம் மாத்துங்க, ஜோடி கிடைச்சிடும். இந்த ஒரு பழக்கம் இருந்தா விசைக் கணக்குல பாதி தப்பு வராது. டீச்சர் ஒவ்வொரு பொருளுக்கும் தனியா ஒரு பெட்டி வரைஞ்சு அம்புக்குறி போடச் சொல்லுவாங்க, அதைத் தவிர்த்துட்டு நேரா கணக்குக்குத் தாவாதீங்க.

வேலை, ஆற்றல் பகுதி வந்ததும் வார்த்தைச் சண்டை உச்சத்துக்குப் போகும். கனமான பெட்டியை அரை மணி நேரம் அசையாம தூக்கி வச்சுக்கிட்டு நின்னா, வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், ஆனா அந்தப் பெட்டி மேல நீங்க செஞ்ச வேலை பூஜ்ஜியம். விசை செலுத்தற திசையில பொருள் நகர்ந்தாத்தான் வேலை. உங்க தசைக்குள்ள ஆற்றல் செலவாகறது உண்மை, அது பெட்டிக்குப் போய்ச் சேரலைங்கறதும் உண்மை. ஆற்றல், திறன் ரெண்டையும் குழப்பிக்கக்கூடாது: ஆற்றல் எவ்வளவுங்கறது ஜூல்ல, அதை எவ்வளவு வேகமா செலவு பண்றோம்ங்கறது திறன், அது வாட்ல. இயக்க ஆற்றல்ல வேகம் ரெண்டு தடவை பெருக்கப்படும்ங்கறதால வேகம் ரெண்டு மடங்கானா ஆற்றல் நாலு மடங்காகும், அதே பிரேக்கை அதே அழுத்தம் அழுத்தினா வண்டி நிக்க எடுக்கற தூரமும் நாலு மடங்கு. ஒரு ஃபார்முலாவுல இருக்கற சின்ன வர்க்கக்குறி ரோட்டுல உயிர் சம்பந்தப்பட்ட விஷயமா நிக்குது, இதை பசங்க கிட்ட சொல்லும்போது நான் எப்பவும் கொஞ்சம் நேரம் எடுத்துத்தான் சொல்லுவேன்.

சூடும் வெப்பநிலையும் இதே கதைதான். பழுக்கக் காய்ச்சின ஊசியோட வெப்பநிலை ரொம்ப அதிகம், ஆனா அதுல இருக்கற வெப்ப ஆற்றல் கொஞ்சம். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணியோட வெப்பநிலை கம்மி, ஆனா அதுக்குள்ள இருக்கற ஆற்றல் ஊசியை விடப் பல மடங்கு. இன்னொண்ணு, ஒரே ரூம்ல ராத்திரி பூரா கிடந்த இரும்புக் கம்பியையும் மரக்கட்டையையும் காலையில தொட்டுப் பாருங்க, இரும்பு ஜில்லுனு இருக்கும், மரம் அப்படி இருக்காது. தெர்மாமீட்டர் வச்சா ரெண்டும் ஒரே வெப்பநிலை காட்டும். இரும்பு நம்ம கையில இருக்கற வெப்பத்தை வேகமா இழுத்துக்குது, நம்ம தோல் உணர்றது அந்த இழுப்பைத்தான்.

அலை, ஒலி, ஒளி பகுதி பெரும்பாலும் சீக்கிரம் முடிஞ்சிடும், பசங்களுக்கும் பிடிக்கும். காத்துல ஒலி செகண்டுக்கு சுமார் 340 மீட்டர் போகுது, ஒளி கிட்டத்தட்ட 3 லட்சம் கிலோமீட்டர் போகுது. அதனால மின்னலைப் பாத்ததும் எண்ண ஆரம்பிச்சு இடிச் சத்தம் வர்ற வரைக்கும் எத்தனை செகண்ட்னு பாத்து மூணால வகுத்தா எத்தனை கிலோமீட்டர் தள்ளி இடிச்சதுன்னு தோராயமா வந்துடும்.

மின்சாரத்துக்கு வந்தா திரும்பவும் வார்த்தை. நாம கரண்ட் போச்சு, பவர் போச்சு, வோல்டேஜ் போச்சுன்னு எல்லாத்தையும் ஒண்ணாத்தான் சொல்றோம். கிளாஸ்ல மின்னோட்டம்னா ஒரு செகண்டுல எவ்வளவு மின்னூட்டம் கடக்குதுங்கறது, மின்னழுத்தம்னா ஒவ்வொரு அலகு மின்னூட்டத்துக்கும் எவ்வளவு ஆற்றல் கிடைக்குதுங்கறது, மின்தடைன்னா கம்பியோ பல்போ அதை எவ்வளவு தடுக்குதுங்கறது. ஓம் விதி மூணையும் கட்டிப்போடும்: மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. பசங்க மனசுல ஆழமா இருக்கற ஒரு நினைப்பு, பல்பு கரண்ட்டை சாப்பிட்டுடும், அதனால பல்புக்கு அப்புறம் வர்ற கம்பியில கரண்ட் கம்மியா இருக்கும்ங்கறது. லேப்ல அம்மீட்டரை பல்புக்கு முன்னாடி வச்சும் பின்னாடி வச்சும் பாருங்க, ரெண்டுலயும் ஒரே அளவுதான் காட்டும். செலவாகறது ஆற்றல், மின்னோட்டம் இல்ல. அம்மீட்டரைத் தொடர்லதான் இணைக்கணும், வோல்ட்மீட்டரை பக்க இணைப்புலதான் இணைக்கணும், மாத்தி இணைச்சா அம்மீட்டர் கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு, அதனால ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி டீச்சர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

படத்துல மின்னோட்டத்தோட அம்புக்குறி பிளஸ்ல இருந்து மைனஸுக்குப் போகும், ஆனா எலக்ட்ரான் மைனஸ்ல இருந்து பிளஸுக்கு ஓடுதேன்னு புத்திசாலிப் பசங்க கண்டிப்பா கேப்பாங்க. பிளஸ் மைனஸ்னு பேர் வச்சது 1700கள்ல, ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடிச்சது 1897ல, அதுக்குள்ள அம்புக்குறி பழகிப் போச்சு, கணக்கு எப்படியும் சரியா வர்றதால அப்படியே விட்டுட்டாங்க.

இப்ப கெமிஸ்ட்ரி பக்கம். இங்க அணுவோட கதையை வரிசையா சொல்லுவாங்க: டால்டன் அணுவை உடைக்க முடியாத உருண்டைன்னார், தாம்சன் உள்ள எலக்ட்ரான் இருக்குன்னார், ரூதர்ஃபோர்டோட லேப்ல மெல்லிய தங்கத் தகடு மேல ஆல்ஃபா துகளைப் பாய்ச்சினப்ப பெரும்பாலானது நேரா போயிடுச்சு, ரொம்ப ரொம்ப சிலது மட்டும் திரும்பி அடிச்சது, அதை வச்சு 1911ல அவர் நடுவுல சின்னதா கனமா ஒரு கரு இருக்குன்னார், 1913ல நீல்ஸ் போர்ங்கற விஞ்ஞானி எலக்ட்ரானுக்கு சுற்றுப்பாதை கொடுத்தார், 1932ல சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடிச்சார். பசங்க இதை வருஷத்தோட மனப்பாடம் பண்ணிட்டுப் போயிடறாங்க, ஆனா பரீட்சையில நிஜமா கேக்கறது, எந்த சோதனையில என்ன பாத்ததால பழைய படத்தை மாத்த வேண்டி வந்துச்சுங்கறது. ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் ஏன்னு ஒரு வரி எழுதி வச்சுக்குங்க.

தனிம அட்டவணையில இப்ப 118 தனிமம் இருக்கு, அதைப் பாத்து யாரும் அலற வேண்டாம், முதல் 20ஐயும் இன்னும் கொஞ்சம் பழக்கமான உலோகத்தையும் தெரிஞ்சா இந்த வருஷத்துக்கு ஏறக்குறைய போதும். சில குறியீடு பேரோட ஒட்டாது, சோடியத்துக்கு 'என் ஏ', இரும்புக்கு 'எஃப் ஈ', தங்கத்துக்கு 'ஏ யூ', ஏன்னா அதெல்லாம் நேட்ரியம், ஃபெர்ரம், ஆரம்ங்கற லத்தீன் பேர்ல இருந்து வந்தது. எனக்கு இந்தப் பாடத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம் மெண்டலீவ் கதை. 1869ல அவர் அட்டவணை போடும்போது சில கட்டத்தை வேணும்னே காலியா விட்டார், இங்க ஒரு தனிமம் இருக்கணும், இன்னும் யாரும் பாக்கலைன்னு சொன்னார். அலுமினியத்துக்குக் கீழ இருந்த காலி இடத்துக்கு வரப்போறதோட அடர்த்தி மில்லிலிட்டருக்கு கிட்டத்தட்ட 6 கிராம் இருக்கும்னும் கணிச்சார். 1875ல பிரான்ஸ்ல அந்த இடத்துக்கான காலியம் (Gallium)ங்கற தனிமத்தைக் கண்டுபிடிச்சவர் அடர்த்தி 4.7ன்னு சொன்னார், மெண்டலீவ் அந்தப் பொருளைக் கண்ணால கூட பாக்காம, நீங்க தூய்மையாக்கித் திரும்ப அளந்து பாருங்கன்னு சொல்லி அனுப்பினார், திரும்ப அளந்தப்ப 5.9 வந்துச்சு. சுவத்துல தொங்கற அந்த சார்ட் சும்மா பேர் வரிசை இல்ல, பொருளோட குணத்தை முன்கூட்டியே சொல்ற கருவி. ஒரே நெடுவரிசையில இருக்கறதெல்லாம் ஒரே மாதிரி நடந்துக்கும், அது கடைசிக் கூட்டுல எத்தனை எலக்ட்ரான் இருக்குங்கறதால, இந்த ஒரு விஷயம் பிடிபட்டா அயனி, பிணைப்பு எல்லாம் தானா வந்து சேந்துக்கும்.

சமன்பாட்டை சமன் செய்யறதுலதான் கெமிஸ்ட்ரியில அழுகை வரும். மீத்தேன் எரியறதை எடுத்துக்கலாம். மீத்தேன்ல ஒரு கார்பன், நாலு ஹைட்ரஜன். ஆக்ஸிஜன் ரெண்டு ரெண்டா ஜோடியா வரும். எரிஞ்சா கார்பன் டை ஆக்ஸைடும் தண்ணியும் கிடைக்கும். இடது பக்கம் இருந்த அணு அத்தனையும் வலது பக்கம் இருக்கணும், ஒண்ணு கூட காணாமப் போகக்கூடாது, புதுசா முளைக்கவும் கூடாது. நாலு ஹைட்ரஜன் இருக்கு, ஒரு தண்ணிக்கு ரெண்டு வேணும், அப்ப ரெண்டு தண்ணி. இப்ப வலது பக்கம் ஆக்ஸிஜனை எண்ணுங்க, கார்பன் டை ஆக்ஸைடுல ரெண்டு, ரெண்டு தண்ணியில ரெண்டு, மொத்தம் நாலு, அதனால இடது பக்கம் ஆக்ஸிஜன் ஜோடி ரெண்டு வேணும். முடிஞ்சது. பசங்க பண்ற தப்பு, முன்னாடி எண் போடறதுக்கு பதிலா உள்ள இருக்கற சின்ன எண்ணை மாத்தறது. தண்ணியில ஒரு ஆக்ஸிஜனுக்கு பதிலா ரெண்டுன்னு மாத்தினா அது தண்ணியே இல்ல, ஹைட்ரஜன் பெராக்ஸைடு, முழுக்க வேற பொருள். எத்தனை மூலக்கூறுங்கறதை மாத்தலாம், மூலக்கூறு என்னங்கறதை மாத்தக்கூடாது. கார்பனை முதல்ல, ஹைட்ரஜனை அடுத்து, ஆக்ஸிஜனைக் கடைசியில எண்ணினா எரியற வினை பெரும்பாலும் சுலபமா முடியும்.

அமிலம், காரம் பகுதியில பிஹெச் அளவு வரும், 7 நடுநிலை, கீழ போனா அமிலம், மேல போனா காரம். ஒவ்வொரு படியும் பத்து மடங்குங்கறதை மட்டும் விட்டுடாதீங்க, பிஹெச் 3 இருக்கற கரைசல் பிஹெச் 5 இருக்கறதை விட நூறு மடங்கு அமிலத்தன்மை உள்ளது, ரெண்டு மடங்கு இல்ல.

லேப் எப்படி இருக்கும்னு எல்லாரும் கேப்பாங்க. வெடிக்கறது, கலர் மாறுறது எல்லாம் கொஞ்சம்தான், பெரும்பாலும் பொறுமையா அளந்து எழுதறதுதான். ஊசல் சோதனையை உதாரணமா சொல்றேன். நூல்ல ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு ஒரு தடவை போய் வர எவ்வளவு நேரம்னு பாக்கணும். ஒரே ஒரு ஆட்டத்தை ஸ்டாப்வாட்ச்ல அளந்தா நம்ம கை தாமதமே செகண்டுல பத்துல ரெண்டு பங்கு வந்துடும், அதனால 20 ஆட்டத்தை அளந்து 20ஆல வகுக்கச் சொல்லுவாங்க, தப்பும் 20ஆல வகுபட்டு சின்னதாயிடும். அடுத்து ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும்தான் மாத்தணும். குண்டோட நிறையை மாத்தினா நூலோட நீளத்தைத் தொடக்கூடாது. நிறையை மாத்திப் பாத்தா நேரம் மாறாது, எல்லாருக்கும் ஆச்சரியமா இருக்கும். நீளத்தை மாத்தினா மாறும், 1 மீட்டர் நூலுக்கு 2 செகண்ட் கிட்ட, 25 சென்டிமீட்டருக்கு 1 செகண்ட் கிட்ட, அதாவது நீளம் நாலுல ஒண்ணாகும்போது நேரம் பாதிதான் ஆகுது.

உங்களுக்கு 2.03 வந்தா 2.03ன்னே எழுதுங்க, தயவு செஞ்சு 2.00ன்னு மாத்தி எழுதாதீங்க. ஏன் கொஞ்சம் விலகிச்சுன்னு யோசிச்சு எழுதற ரெண்டு வரிக்குத்தான் லேப் ரிப்போர்ட்ல மதிப்பு, அதுவும் மனிதத் தவறுன்னு பொதுவா எழுதாம, நூலை முடிச்சு வரைக்கும் அளந்தேன், குண்டோட நடுப்பகுதி வரைக்கும் அளந்திருக்கணும்னு குறிப்பா எழுதணும்.

பாதுகாப்பு விதிக்கு முதல் லேப்புலயே கையெழுத்து வாங்கிக்குவாங்க. கண்ணாடி போடணும், முடியைக் கட்டிக்கணும், எதையும் நேரா மூக்குக்கிட்ட கொண்டு போய் மோந்து பாக்காம கையால காத்தை மெதுவா நம்ம பக்கம் தள்ளி மோந்து பாக்கணும், அமிலத்தைத்தான் தண்ணியில மெதுவா சேக்கணும், தண்ணியை அமிலத்துல ஊத்தக்கூடாது, ஊத்தினா சூடு கிளம்பித் தெறிக்கும். சூடான கண்ணாடியும் ஆறின கண்ணாடியும் பாக்க ஒரே மாதிரி இருக்கும்ங்கறதை மனசுல வச்சுக்குங்க, லேப்ல கை சுட்டுக்கறது பெரும்பாலும் இதாலதான்.

கணக்கு எவ்வளவு தெரியணும்? பயப்படற அளவுக்கு இல்ல. ஒரு சமன்பாட்டுல மூணு எழுத்து இருந்தா எது வேணுமோ அதைத் தனியா கொண்டு வரத் தெரியணும், விகிதம் தெரியணும், பத்தோட அடுக்கு தெரியணும், க்ராஃப்ல சரிவு கண்டுபிடிக்கத் தெரியணும். ஃபார்முலா ஷீட்டை பல டீச்சருங்க பரீட்சையிலயே கொடுத்துடுவாங்க, அதனால மனப்பாடத்துல நேரத்தைச் செலவழிக்காம, கணக்கைப் படிச்சதும் எது கொடுத்திருக்காங்க, எது கேக்கறாங்கன்னு யூனிட்டோட எழுதிப் பழகுங்க. செகண்டுக்கு மீட்டர்னு கொடுத்தா அது வேகம், கிலோகிராம்னா நிறை, ஜூல்னா ஆற்றல், யூனிட்டே எந்த ஃபார்முலான்னு பாதி காட்டிக் கொடுத்துடும்.

வீட்டுல படிக்கறதுக்கு நான் பசங்ககிட்ட சொல்றது ஒண்ணே ஒண்ணு. நோட்டோட கடைசிப் பக்கத்துல ரெண்டு கட்டம் போடுங்க, இடது பக்கம் அந்த வார்த்தைக்கு நீங்க இதுவரைக்கும் நினைச்சிருந்த அர்த்தம், வலது பக்கம் கிளாஸ்ல சொன்ன அர்த்தம். எடை, வேலை, சூடு, திறன், கரண்ட், முடுக்கம்னு ஒவ்வொண்ணா வர வர எழுதிக்கிட்டே வாங்க. எங்க வீட்டுல ஒரு பொண்ணு வருஷக் கடைசியில அப்படி 31 வார்த்தை சேத்து வச்சிருந்தா, பரீட்சைக்கு முந்தின ராத்திரி அவ திருப்பிப் பாத்தது அந்த ஒரு பக்கத்தை மட்டும்தான்.